கூடையின் மறு காது

எழுபதைத் தாண்டிய பிறகு என் தகப்பனாருக்கு ரோட்டைக் கடக்க ஒரு கை வேண்டியிருந்தது. அது என் கை இல்லை. என் தங்கையின் புருஷனுடைய கை. தினமும் காலையில் பழவங்காடியில் என் கடையில் நின்றபடி அதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடுமியுள்ள தேங்காய் கேட்டவருக்கு மொட்டைத் தேங்காயை எடுத்துக் கொடுப்பேன். அவர் திட்டிவிட்டுப் போவார். அதுவும் காதில் விழாது.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் திருவனந்தபுரத்தில் யாரும் ஒரு காரியத்தைத் தொடங்குவதில்லை. பரீட்சைக்குப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள், புதுச் சைக்கிள் வாங்கியவர்கள் எல்லாரும் வருவார்கள். கோயிலுக்குப் பக்கத்தில் நான் தேங்காய் விற்றேன். நாலாம் கிளாஸோடு என் படிப்பு நின்றுவிட்டது. ஆளைக் கூப்பிட்டு விற்கிற வாயும் எனக்கு இல்லை. பக்கத்துக் கடைக்காரர் "வாங்க சாரே, வாங்க அம்மா" என்று பாடிக்கொண்டே இருப்பார். நான் தேங்காய்களை அடுக்கிவிட்டு அவற்றின் பின்னால் நிற்பேன். அவர் கடையில் இடம் இல்லாதபோது என்னிடம் வருவார்கள்.

தகப்பனார் வாலிபத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து, சாலைக் கம்போளம் என்கிற பெரிய கடைத்தெருவில், மலஞ்சரக்கு மண்டி ஒன்றில் எடைக்காரராக இருந்தவர். மிளகும் சுக்கும் நிறுத்த கை. சாக்கின் மூலையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தே எடை சொல்லுவார் என்று மண்டியில் பேச்சு. வேலையை விட்ட பிறகும் அந்தக் கை ஓயவில்லை. என் மனைவி வாங்கிவந்த பருப்புப் பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து, "கொறையுது. தாளு கனம்தான் இரிக்கு" என்பார். அவள் திரும்பக் கடைக்குப் போய் அளந்து பார்த்தால் குறைந்துதான் இருக்கும்.

ஆனால் கண் போய்விட்டது. இரண்டு கண்ணிலும் பூ விழுந்து, எதிரில் வருவது ஆளா மரமா என்று கிட்டே வந்த பிறகுதான் தெரியும். இடது காதும் மந்தம். இந்தக் கண்ணோடும் காதோடும் தினம் காலையில் குளித்து, சாலைக் கம்போளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்திலிருந்து புறப்பட்டு, கிழக்கேகோட்டை முக்கில் பெரிய ரோட்டைக் கடந்து, கோட்டைவாசல் வழியே பத்மநாப சுவாமியைப் பார்க்கப் போவார். திரும்பும்போது பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பார். முன்னெல்லாம் அந்த ரோட்டில் மாட்டுவண்டிகளும் எப்போதாவது ஒரு காரும்தான் வரும். நான் சொல்கிற காலத்தில் டிரான்ஸ்போர்ட் பஸ்கள் பெருகி, எல்லாத் திசைக்கும் போகிற வண்டிகள் அந்த முக்கில்தான் வந்து திரும்பின.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. மகாராஜா தினமும் காலையில் காரில் கோயிலுக்கு வருவார். அந்த வண்டி வரும்போது தெருவில் இருப்பவர்கள் நின்ற இடத்தில் நின்று, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிடுவார்கள். தகப்பனார் அப்படியே வளர்ந்தவர், அப்படியே வயசானவர். கண் தெரிந்தவரை மகாராஜா வண்டிக்கு மட்டும் நின்றார். கண் மங்கிய பிறகு, ஹார்ன் கேட்டால் நின்றார். எந்த வண்டியின் ஹார்னாக இருந்தாலும் சரி, அவர் ரோட்டின் எந்த இடத்தில் இருந்தாலும் சரி. துண்டு இடுப்புக்குப் போகும், இரண்டு கையும் நெஞ்சுக்கு வரும்.

முதல் தடவை அதை நான் பார்த்தபோது அவர் நடுரோட்டில் நின்றார். நெடுமங்காட்டு பஸ் ஒன்று அவருக்கு ஒரு முழம் முன்னால் சத்தத்தோடு நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"எந்தொரு பணியா அம்மாவா இது! சாகான் வேறெ வண்டியொந்நும் கிட்டீலே?"

பெரியவரே, சாக வேறு வண்டி கிடைக்கவில்லையா என்று கேட்டது தகப்பனார் காதில் விழவில்லை. கும்பிட்டு முடித்து, கையை இறக்கி, யாரிடம் என்றில்லாமல் கேட்டார்: "ராஜா போயாச்சா?"

பஸ்ஸுக்குள் எல்லாரும் சிரித்தார்கள். "ராஜாவு போயி அம்மாவா. இது வெறும் வண்டியாணு" என்றார் கண்டக்டர்.

நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினேன். அவர் மணிக்கட்டைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தேன். அவர் ஒரே உதறலாக உதறினார்.

"விடுலே கைய! நடுரோட்டுல வச்சு என்னைப் புடிச்சு இழுக்கா. நான் என்ன சந்தைக்குப் போற மாடா?"

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை எனக்காக. நான் கையை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தேன். அவர் தனியாகக் கோட்டைவாசலுக்குள் போனார்.

வீட்டில் சாப்பிடும்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "கும்பிட வேண்டாம்ணு சொல்லல்லப்பா. ஓரமா வந்து நிண்ணு கும்பிடுங்க."

"ராஜா வாற நேரத்துல ஓரத்துக்கு ஓடிப்போயி, பொறவு மூச்சு வாங்கிட்டுக் கும்பிடணுமாக்கும். அதுவரைக்கும் அவரு எனக்காக வண்டிய நிறுத்தி வச்சிருப்பாரா?"

"அது ராஜா வண்டி இல்ல. பஸ்ஸு."

"ராஜா வண்டியா இருந்து நான் கும்பிடாம விட்டுட்டா? பாத்துட்டுக் கும்பிட்டா அதுக்குப் பேரு மரியாதையாலே?"

என் மனைவி இடையில் வந்தாள். "மாமா, கண்ணு தெளியுற வரைக்கும் வீட்டுலயே இருந்து கும்பிட்டா சாமி வேண்டாம்ணா சொல்லும்?"

"இரிக்கேன் மக்கா. சோறு போடுறதையும் நிறுத்திரு. ரெண்டையும் ஒண்ணா முடிச்சிருவோம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். வீட்டில் கட்டிப்போட்டால் ஒடுங்கிப்போவார், ரோட்டில் விட்டால் வண்டி அடித்துவிடும். என் நெஞ்சில் அந்த பஸ்ஸின் பிரேக் சத்தம் அடிக்கடி கேட்டது.

அடுத்த நாள் காலையில்தான் மாப்பிள்ளை வந்தார். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் புருஷன். அதே சந்தில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். டிரான்ஸ்போர்ட் டிரைவர். போனக்காடு தேயிலைத் தோட்டத்துப் பக்கம் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவர். காக்கிச் சட்டையில் ஆள் பார்க்க நன்றாக இருப்பார். என்னைவிடச் சின்னவர், என்னைவிட உயரம், பேசத் தெரிந்தவர். அவருக்குப் பத்து மணிக்கு மேல்தான் டூட்டி. அதுவரைக்கும் காக்கியை மாட்டிக்கொண்டு சும்மாதான் இருப்பார்.

"மாமா, கோயிலுக்குப் போகணும்ணு ரெண்டு நாளா மனசுல இரிக்கு. ஒத்தையில போக ஒரு மாதிரி இரிக்கு. நீங்க தொணைக்கு வந்தா நல்லாருக்கும்."

தகப்பனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "அதுக்கென்ன மாப்ளே. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

எங்கள் ஆட்களில் மாப்பிள்ளை சொல்லை மாமனார் முகத்துக்கு நேரே தட்டுவது கிடையாது. மாப்பிள்ளை உப்பில்லாத குழம்பை நன்றாயிருக்கிறது என்றால், அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் உப்புக் கேட்கமாட்டோம். மாப்பிள்ளை முழங்கையை நீட்டினார், தகப்பனார் பிடித்துக்கொண்டார். நான் ஓடிப்போய் பிடித்தால் மாட்டைப் பிடித்ததாகிறது. அவர் நீட்டினால் துணையாகிறது.

கடையிலிருந்து கழுத்தை நீட்டினால் கிழக்கேகோட்டை முக்கு தெரியும். இருவரும் ரோட்டில் இறங்கினார்கள். ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. தகப்பனார் நின்றார். மாப்பிள்ளையும் உடனே நின்று, ஒரு கையைத் தூக்கினார். அவ்வளவுதான். பஸ் நின்றது. எதிரே வந்ததும் நின்றது. எல்லா டிரைவர்களும் அவருக்குக் கூட்டாளிகள். தகப்பனார் சாவகாசமாகத் துண்டை இடுப்பில் கட்டி, கும்பிட்டு, துண்டைத் திரும்பத் தோளில் போட்டு, நடந்தார். அதுவரைக்கும் கிழக்கேகோட்டை முழுக்க அவருக்காகக் காத்து நின்றது. மகாராஜாவுக்குக்கூட அப்படி நின்றிருக்காது.

தினமும் இது நடந்தது. கோயிலிலிருந்து வரும்போது என் கடைக்கு வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் தகப்பனாரின் சிரிப்பு வரும். பல் போன வாயோடு அவர் அப்படிச் சத்தமாகச் சிரிப்பார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மலைப்பாதை வளைவில் யானை வந்து நின்ற கதை ஒன்றை மாப்பிள்ளை சொல்வார். நானும் அதைக் கேட்டிருக்கிறேன். அதில் சிரிக்க அவ்வளவு ஒன்றும் இல்லை.

"அத்தான், நல்லதாப் பாத்து ஒண்ணு குடுங்க. மாமா கையால ஒடைக்கட்டும்" என்பார் மாப்பிள்ளை.

நான் இருப்பதில் நல்லதை எடுத்து நீட்டுவேன். தகப்பனார் சொல்வார்: "அவன் குடுக்கது இரிக்கட்டும். நீங்க ஒண்ணு தட்டிப் பாருங்க மாப்ளே."

மாப்பிள்ளை லாரி டயரைத் தட்டுவதுபோலத் தேங்காயைத் தட்டுவார். "நல்ல காயி" என்பார். அதற்குப் பிறகுதான் அது நல்ல காய். இத்தனை வருஷமாக நான் தேங்காய் விற்கிறேன்.

வீட்டிலும் அதே பேச்சு. "கேட்டியாலே, நிக்கப்பட்ட பஸ்ஸுக்கு முன்னால கூடிப் போகப்படாதாம். டிரைவருக்குத் தன் மூக்குக்குக் கீழ நிக்குறது தெரியாதாம். மாப்பிள்ளை சொன்னாரு." இதை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "மழையில குடையத் தாத்திப் புடிக்கப்படாதாம். வண்டி வாறது மறைஞ்சு போவுமாம்." இதையும் சொல்லியிருக்கிறேன். "கேக்காத காது ரோட்டுப் பக்கம் வராமப் பாத்து நடக்கணுமாம்." இதை நான் சொன்னதில்லை. எனக்கு இது தோன்றவில்லையே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் மாப்பிள்ளை ஒரு வெள்ளைத் துண்டு வாங்கிக்கொண்டு வந்தார். பழுப்புத் துண்டு தூரத்திலிருந்து ரோட்டோடு ரோடாகத் தெரியும், வெள்ளை என்றால் டிரைவர் கண்ணில் பளிச்சென்று படும் என்றார். தகப்பனார் அன்றைக்கே பழைய துண்டைக் கழற்றிப் போட்டார்.

நான் என் மனைவியிடம் கேட்டேன். "போன தீவாளிக்கு நான் வாங்கிக் குடுத்த வெள்ளைத் துண்டு எங்க?"

"பெட்டிக்குள்ள பாச்சை உருண்டை வாசத்தோட பத்திரமா இரிக்கு. நல்ல நாளுக்கு உடுக்கலாம்ணு மாமாதான் வைக்கச் சொன்னாரு." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்ச பாருங்க, யாரு சொன்னா என்ன? ஆளு உருப்படியா வீடு வந்து சேருதாருல்லா?"

யார் சொன்னால் என்ன என்பதை, சொல்லி எடுபட்டவர்கள் சுலபமாகச் சொல்லலாம். அவர் வீடு வந்து சேர்வதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தினமும் அந்த வெள்ளைத் துண்டு ரோட்டில் தெரியும்போது, அதற்குப் பக்கத்தில் காக்கி தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றும் தோன்றும். இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றும்.

அப்படியே ஒருநாள் தெரியாமல் போயிற்று. மாப்பிள்ளையை நாகர்கோவில் டிப்போவுக்கு மாற்றிவிட்டார்கள். நாகர்கோவில் இந்த ராஜ்யத்திலேயே இருந்த காலம் அது. அங்கே வீடு பார்க்கிறவரை தங்கை இங்கே இருப்பாள், லீவு கிடைத்தால் அவர் வந்து போவார் என்று ஏற்பாடு. சேதி வந்த அன்று நான் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினேன்.

"தங்கச்சி புருஷன் ஊரு மாறிப் போறாரு. ஒங்களுக்கு வாயெல்லாம் பல்லு" என்றாள் என் மனைவி.

"இண்ணைக்குப் புளிக்கறி நல்லாருக்கு" என்றேன்.

மாப்பிள்ளை போன மறுநாள் காலையில் தகப்பனார் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று விடிந்ததிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன்.

"அப்பா, எனக்கு ஒத்தையில போக ஒரு மாதிரி இரிக்கு. தொணைக்கு வாறியளா?"

"எங்க?"

"கோட்டைக்கு."

"தினம் கடைக்குப் போற வழிதானலே. ஒனக்கு எதுக்குத் தொணை? ஒனக்கும் கண்ணு தெரியல்லியா?"

அவர் புறப்பட்டுவிட்டார். நான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனேன். முக்கில் அவர் ரோட்டில் இறங்கிய நேரம் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது. அவர் நின்றார். துண்டு இடுப்புக்குப் போயிற்று. நான் ஓடினேன். அன்றைக்கு அவர் பிழைத்தது என்னால் இல்லை, முக்கில் நின்ற போலீஸ்காரர் ஊதிய விசிலால். "அம்மாவா, மாறி நில்லு!" என்று அவர் கத்தியபோதும் தகப்பனார் கும்பிட்டு முடித்த பிறகுதான் ஓரத்துக்கு விலகினார். அப்புறம் திரும்பி என் பக்கம் பார்த்தார். முகம் தெரிந்திருக்காது. "எவம்லே பின்னாலயே வாறது?" என்றார். நான் கடைப் பக்கம் திரும்பி நடந்தேன்.

நாளைக்கு அந்தப் போலீஸ்காரர் இருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

இரண்டு நாள் கழித்து, மண்டியிலிருந்து எனக்குத் தேங்காய் சுமந்து வருகிறவர் காய்ச்சல் என்று வரவில்லை. கடைக்கு வேண்டியதை மட்டும் ஒரு கூடையில் போட்டு நானே கொண்டுபோகப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கயிற்றில் காது வைத்த கூடை, இரண்டு பேர் தூக்குவதற்கென்று செய்தது. ஒரு ஆள் தூக்கினால் தொடையில் இடிக்கும். எங்கள் சந்து முனைவரைக்கும் தூக்கியும் இழுத்தும் கொண்டுவந்தேன். தகப்பனார் அப்போதுதான் சந்திலிருந்து வெளியே வந்தார். கூடை தரையில் உரசுகிற சத்தத்தைக் கேட்டு நின்றார்.

"யாரது? நீயாலே? கூடைய ஏம்லே தரையோட தேச்சிட்டு வாற? அடி பிஞ்சிரும்."

"ஆளு வரல்லப்பா."

"சவத்த, ஒரு காதை இங்க தா."

நான் வேண்டாம் என்பதற்குள் பிடித்துவிட்டார். வயசானாலும் மண்டிக் கை. தூக்கின பிறகு அவர் நடையே மாறிவிட்டது. மண்டியில் சரக்கு தூக்குகிறவர்கள் நடப்பார்களே, அந்த மாதிரி குட்டிக் குட்டி எட்டு. முக்குக்கு வந்து இறங்கினோம். பாதி ரோட்டில் ஹார்ன் கேட்டது. அவர் நின்றார், ஆனால் நான் நிற்கவில்லை. நின்றால் கூடையின் கனம் என்னைச் சாய்த்துவிடும். கூடை அவரை ஒரு எட்டு இழுத்தது. அவர் கை காதை விடவில்லை. சுமையைப் பாதி வழியில் விடுவது எடைக்காரர்களுக்குப் பழக்கம் இல்லை. இன்னொரு எட்டு. அப்படியே ஓரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

கூடையை இறக்கி வைத்ததும் அவசரமாகத் துண்டை இடுப்பில் கட்டி, பஸ் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டார். "ராஜா போயிட்டாரு. ஒன் தேங்காயாலதான்" என்றார். ஆனால் மாடு என்று சொல்லவில்லை. கையை உதறவும் இல்லை.

அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சுமை தூக்குகிறவர் வந்த பிறகும் கூடையை விடவில்லை. கடைக்குத் தேவையானதை அவர் முன்னாலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். நான் தனியாக ஒரு கூடை எடுத்து, அடியில் தேங்காய் நாரை அமுக்கி நிரப்பி, மேலே ஒரு வரிசை மட்டும் தேங்காய் அடுக்கி, சந்து முனையில் வந்து நிற்பேன். முழுக் கனம் தினமும் அவர் தோளுக்கு ஆகாது. அவர் வருகிற சத்தம் கேட்டதும் கூடையைத் தரையில் லேசாக இழுப்பேன்.

முதல் நாள் அவர் காதைப் பிடித்துத் தூக்கிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். கையை மாற்றிப் பிடித்தார். பூ விழுந்த கண்ணால் என் பக்கம் பார்த்தார்.

"இண்ணைக்கும் ஆளு வரல்லியாக்கும்?"

"வரல்ல."

"ம். நட."

அப்படித்தான் தினமும் போனோம். காது கேட்கிற பக்கம் ரோட்டுக்கு இருக்கும்படி அவரை விட்டு, மற்றப் பக்கம் நான் நடந்தேன். அது மாப்பிள்ளையின் யோசனைதான், இருந்தாலும் செய்தேன். கோயிலுக்குப் போய்விட்டுக் கடைக்கு வந்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பார். நான் சாப்பிடப் போகும்போது இருவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்புவோம். அடுப்புக்கு என்று சொல்லி அதில் நாரை வைத்திருப்பேன். ஹார்ன் கேட்டால் அவர் நிற்கப் பார்ப்பார், கூடை இழுக்கும், ஓரத்தில் வந்து கும்பிடுவார்.

என் கை அவர் கையில் இல்லை. நடுவில் ஒரு கூடை இருந்தது. அது போதும் என்று நான் சொல்லமாட்டேன். வழி முழுக்க அவர் பேசினதும் மாப்பிள்ளையைப் பற்றித்தான். "மாப்பிள்ளை கூட வந்தா வண்டியெல்லாம் நிக்கும். நீ என்னடான்னா இழுத்துட்டு ஓடுத." "மாப்பிள்ளை இருந்தா இந்நேரம் அந்த யானைக் கதையச் சொல்லியிருப்பாரு." ஒருநாள் நானே அந்த யானைக் கதையைச் சொல்லிப் பார்த்தேன். யானை வளைவில் வந்து நிற்கிற இடம் வரைக்கும் வந்தேன். "அது அப்பிடி இல்லலே" என்று அவரே மீதியைச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு ஒரு லீவுக்கு மாப்பிள்ளை வந்தார். காலையில் சந்து முனையில் நான் கூடையோடு நிற்கும்போது, தகப்பனாரோடு அவரும் சேர்ந்து வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. நாகர்கோவில் தண்ணீர் அவருக்கு ஒத்துக்கொண்டிருந்தது.

"நீங்க விடுங்க அத்தான். இண்ணைக்கு ஒரு நாளு நான் புடிக்கேன்."

விட்டேன். மாப்பிள்ளை சொல்லைத் தட்ட முடியாதது தகப்பனாருக்கு மட்டும் இல்லை. என் பக்கத்துக் காதை அவர் பிடித்துத் தூக்கினார். தூக்கிவிட்டுச் சிரித்தார்.

"தேங்கா ரொம்ப லேசா இரிக்கே மாமா?"

"இந்த வருஷத்துக் காயி அப்பிடித்தான் மாப்ளே. நடங்க."

இருவரும் முன்னால் போனார்கள். யானைக் கதை தொடங்கியது. நான் வெறுங்கையோடு பின்னால் நடந்தேன். இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை நாளாக நான் பிடித்துப் பிடித்து என் கைக்கு வழவழப்பான கயிறு அது. அதை இன்னொருவர் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்க வயிறு எரிந்தது.

முக்கில் அவர்கள் ரோட்டில் இறங்கினார்கள். பாதி தூரத்தில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்தது. தகப்பனார் நின்றார். மாப்பிள்ளை உடனே நின்றார். மாமனாரை எந்த மாப்பிள்ளை இழுப்பார்? கூடையை மெதுவாகக் கீழே வைத்தார்கள். மாப்பிள்ளை கையைத் தூக்கினார். பஸ் நின்றது. "ஆசானே, எப்ப வந்நு?" என்று டிரைவர் உள்ளேயிருந்து கேட்டார். தகப்பனார் துண்டை இடுப்பில் கட்டினார். எல்லாம் பழையபடி அழகாக நடந்தது. நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது நின்ற பஸ்ஸுக்குப் பின்னாலிருந்து, அதைச் சுற்றிக்கொண்டு ஒரு சரக்கு லாரி வந்தது. வெளியூர் லாரி. அந்த டிரைவருக்கு மாப்பிள்ளையைத் தெரியாது, மாப்பிள்ளையின் கையையும் தெரியாது. நீளமாக ஹார்ன் அடித்தான். அந்த ஹார்னுக்கும் சேர்த்து, தகப்பனார் இன்னும் கொஞ்சம் குனிந்து கும்பிட்டார். "மாமா, வாங்க மாமா!" என்று மாப்பிள்ளை கூப்பிட்டார். மாமா அசையவில்லை.

நான் ஓடினேன். அவர் கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் உதறுவார் என்பது என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. கூடையின் என் பக்கத்துக் காதைப் பிடித்துத் தூக்கி, "அப்பா, காதைப் புடிங்க!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் வாழ்நாளில் பேசினதில்லை.

கும்பிட்ட கை பிரிந்தது. தடவிப் பார்க்காமலேயே மறு காதைப் பிடித்தது. நான் இழுத்தேன். அவர் வந்தார். கூடை சாய்ந்து தேங்காய்கள் உருண்டன. நாங்கள் ஓரத்தில் போய் விழாத குறையாக நின்றபோது, பின்னால் லாரிச் சக்கரத்தில் தேங்காய்கள் உடைகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை மற்றப் பக்கம் தாவி நின்றிருந்தார்.

கூடையில் இருந்த நார் முழுக்க ரோட்டில் கொட்டிக் கிடந்தது. பஸ் கண்டக்டர் இறங்கி வந்து பார்த்தார்.

"சேட்டா, இது தேங்ஙயாணோ சகிரியாணோ கச்சவடம்?"

தேங்காய் வியாபாரமா நார் வியாபாரமா என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூச்சு வாங்கியது, முகத்தை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

தகப்பனார் முதலில் கேட்டது இதுதான்: "மாப்பிள்ளைக்கு அடி ஒண்ணும் படல்லியே?"

"இல்ல மாமா." மாப்பிள்ளை ரோட்டைக் கடந்து வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

அப்புறம் தகப்பனார் என் பக்கம் திரும்பினார். "பாத்துட்டு நிக்கியே. நாரை அள்ளுலே. நாளைக்கு வேணும்லா?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். "ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

"மொளகு தூக்கின கைலே இது. தேங்காக் கனம் தெரியாதா எனக்கு?"

"எங்கிட்ட நேத்து ராத்திரியே சொன்னாரே அத்தான்" என்றார் மாப்பிள்ளை. "சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். அக்காவுக்கும் தெரியும்." அவர் அக்கா என்பது என் மனைவியை.

ஆக, எல்லாருக்கும் தெரியும். அதையும் என்னிடம் சொல்லவில்லை, மாப்பிள்ளையிடம்தான் சொல்லியிருக்கிறார்.

"மாப்ளே, நீங்க ஒண்ணும் நெனைக்காதிய" என்றார் தகப்பனார். "ஒங்ககூட நிக்க நல்லாருக்கு. இழுக்கதுக்கு மட்டும் இவன் வேணும். வாங்க, நடை சாத்திருவான்."

மாப்பிள்ளை முழங்கையை நீட்டினார். தகப்பனார் அதைப் பிடித்துக்கொண்டார். இருவரும் கோட்டைவாசல் பக்கம் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பல்லில்லாச் சிரிப்பு கேட்டது. யானையா நாரா என்று தெரியவில்லை.

நான் ரோட்டோரம் குனிந்து நாரை அள்ளினேன். உடைந்த தேங்காய்களை ஒதுக்கிவிட்டு, மண் ஒட்டினதைத் தட்டி, கூடையின் அடியில் நன்றாக அமுக்கி வைத்தேன்.